படகில் இரண்டு இடம் காலி

மார்ச் 2

சம்பந்தி அம்மாவுக்கு,

போனை எடுக்காமல் காகிதத்தை எடுத்திருக்கிறாளே என்று திகைக்காதீர்கள். நாம் இருவரும் போனில் பேசினால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம். ஒருத்தி சொல்வது மற்றவள் காதில் விழாது. கடைசியில் யார் முதலில் போனை வைத்தது என்று அதற்குத் தனியாக ஒரு சண்டை. கல்யாணமான கையோடு பிள்ளைகளுக்குக் கிடைத்த லீவை உங்கள் வீட்டில் கழிப்பதா, எங்கள் வீட்டில் கழிப்பதா என்று நாம் மல்லுக்கு நின்றதில், அதுகள் எங்கேயுமே போகாமல் லீவு தீர்ந்துபோனது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் முடிக்கும்வரை நீங்கள் வாயைத் திறக்க முடியாது. கோபப்படாதீர்கள், உங்கள் முறை வரும்போது எனக்கும் அதே கதிதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மத்தியானம் உங்கள் மகள் பேருந்து நிலையத்துக்கு, நான் அறிவிப்பு செய்கிற அறைக்கே வந்தாள். மைக்கை அணைத்துவிட்டு என்னம்மா என்றேன். "அத்தை, உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். ஏப்ரல் கடைசியில நாங்க ராஃப்டிங் போறோம்" என்றாள். அது என்ன புது வியாதி என்று கேட்டேன். போனில் ஒரு படம் காட்டினாள். மலையில் பனி உருகி இறங்குகிற ஆறு. பொங்குகிற பால் மாதிரி வெள்ளையாக நுரைத்துக்கொண்டு பாறைக்குப் பாறை தாவுகிறது. நடுவில் ஒரு ரப்பர் படகு. துடுப்பும் கையுமாக நான்கு பேர், பின்னால் ஒரு கைடு. நான்கு பேர் வாயும் ஆவென்று திறந்திருக்கிறது. "பயத்துல கத்தறாங்களா?" என்றேன். "இல்ல அத்தை, சந்தோஷத்துல" என்கிறாள்.

அவள் போன பிறகு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆறாம் நடைமேடையில் நின்ற வண்டியை ஒன்பதாம் நடைமேடை என்று அறிவித்துவிட்டேன். ஜனம் மூட்டை முடிச்சோடு அங்கே ஓடி, திரும்ப இங்கே ஓடி, என் அறைக் கண்ணாடியைத் தட்டித் திட்டிவிட்டுப் போனது. என் சர்வீஸிலேயே இப்படி நடந்ததில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் பயணமாம். போகட்டும், யார் தடுத்தார்கள்? பூங்கா இருக்கிறது, அருங்காட்சியகம் இருக்கிறது. நமக்குள் ஆயிரம் இருக்கலாம் சம்பந்தி. இந்த ஒரு விஷயத்தில் கைகோத்து நிற்போம். உங்களுக்கு ஏதாவது யோசனை தோன்றினால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையைப் பெற்றவள்


மார்ச் 7

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. "உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்" என்ற இடத்தைத் தாண்ட எனக்கு ஒரு நாள் ஆனது.

பெற்றவள் நான். என் மகள் ஆற்றில் குதிக்கப் போவதைச் சம்பந்தி எழுதித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் பேனாவில் மை தீர்ந்தால்கூட முதலில் என்னிடம்தான் வந்து சொல்லுவாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஒரு போன். "நல்லா இருக்கேம்மா. சாப்பிட்டேம்மா. வைக்கட்டுமாம்மா?" முடிந்தது. உங்களைக் குளிர வைக்க இதை எழுதவில்லை. மனசு கேட்கவில்லை, எழுதிவிட்டேன்.

படித்த உடனே அவளைக் கூப்பிட்டேன். "வேண்டாம்" என்றேன். "தெரியும்மா" என்றாள். எது தெரியும் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள். அன்றைக்குப் பூராவும் நான் தைத்த தையல் எதுவும் நேராகப் போகவில்லை. ஒரு பள்ளிக்கூட வேனின் சீட் கவரை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி தைத்துவிட்டுப் பிரித்தேன். எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து நூலைப் பிடுங்கிக்கொண்டே, "பாவம் போகட்டுமே, சின்னஞ்சிறுசுக" என்றார். அவரை முறைத்த முறைப்பில் அவர் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்.

யோசனை கேட்டீர்கள். அப்புறம் மாப்பிள்ளையைப் போனில் பிடித்தேன். நாலு பேர் துடுப்புப் போடாவிட்டால் அந்தப் படகு தண்ணீரில் இறங்காது என்று பேச்சுவாக்கில் சொன்னார். இவர்கள் இரண்டு பேர். மற்ற இரண்டு பேர், உங்கள் தெருவில் இருக்கும் அந்தப் பல் டாக்டரும் அவர் மனைவியுமாம். இரண்டு காலை எடுத்துவிட்டால் கட்டில் நிற்குமா? பேசிப் பேசி ஆளைக் கரைக்கிற வித்தை உங்களுக்குக் கைவந்தது என்று எனக்குத் தெரியும். அதை என் மேல் காட்டியது போதும். அங்கே காட்டுங்கள்.

உங்கள் மருமகளைப் பெற்றவள்


மார்ச் 13

சம்பந்தி அவர்களே,

பயணிகளின் கனிவான கவனத்திற்கு: ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி புறப்பட வேண்டிய ரப்பர் படகு ரத்து செய்யப்பட்டுள்ளது!

எப்படி நடந்தது என்று கேளுங்கள். பல் வலி என்று சொல்லிக்கொண்டு போனேன். டாக்டரின் மனைவிதான் முன்னறையில் டோக்கன் கொடுக்கிறாள். "கொஞ்ச நாள் முன்னாடி என் சொந்தக்காரப் பொண்ணு ஒண்ணு இந்த ராஃப்டிங்னு போச்சும்மா. பாறையில மோதி முன்பல் ரெண்டும் போச்சு. பாவம், அதுக்கப்புறம் சிரிக்கவே சிரிக்காது" என்று ஒரு போடு போட்டேன். அந்தப் பெண் நாக்கால் தன் முன்பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். உள்ளே போய் வாயைத் திறந்தபடியே டாக்டரிடமும் அதையே சொன்னேன். பாதி புரியவில்லை என்றாலும் அவர் முகம் மாறியது. சாயங்காலமே என் பிள்ளைக்குப் போன், "வேற ஒரு நாள் பார்ப்போம்" என்று.

ஒரே ஒரு சங்கடம். பொய் வலியோடு போன இடத்தில் நிஜமாகவே ஒரு கடைவாய்ப் பல்லில் ஓட்டை இருக்கிறதாம். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நாம் சண்டை போடாமல் சேர்ந்து ஒரு வேலை செய்தால் எவ்வளவு சுருக்காக முடிகிறது பாருங்கள்.

வெற்றிக் களிப்புடன்,
உங்கள் சம்பந்தி


மார்ச் 19

சம்பந்திக்கு,

ஆபத்து விலகியது. நன்றி.

ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிட்டாள். "போகலைம்மா. உனக்குத் திருப்திதானே?" என்று கேட்டாள். திருப்திதான் என்றேன். அவள் அழவில்லை. சண்டை போடவும் இல்லை. சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் அப்பாவிடம் மட்டும் கொஞ்ச நேரம் பேசினாள். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். என்ன சொன்னாள் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, ஹெல்மெட் எல்லாம் வாங்கி வச்சுட்டாளாம்" என்கிறார்.

ஜெயித்த பிறகு தூக்கம் வர வேண்டாமா? எனக்கு வரவில்லை.

சம்பந்தி


மார்ச் 26

சம்பந்தி,

குட்டு உடைந்துவிட்டது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

என் ஓட்டைப் பல்லை அடைக்க என் பிள்ளைதான் கூட வந்தான். அந்த டாக்டர் இருக்கிறாரே, அவரைப் போல ஒரு நல்ல மனுஷனை நான் பார்த்ததில்லை, அதுதான் வினையாகப் போனது. என் வாயில் பஞ்சை அடைத்துவிட்டு என் பிள்ளையிடம், "உங்க சொந்தக்காரப் பொண்ணுக்கு ரெண்டு முன்பல் போயிடுச்சாமே, என்கிட்ட கூட்டிட்டு வாங்க, நான் நல்லபடியா கட்டித் தரேன். காசெல்லாம் வேண்டாம்" என்கிறார். "எந்தப் பொண்ணு?" என்கிறான் இவன். நான் கையை ஆட்டுகிறேன், கண்ணை உருட்டுகிறேன். வாயில் பஞ்சு. ஊருக்கெல்லாம் அறிவிப்பு செய்கிறவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை.

வீட்டில் வைத்துக் கேட்டான். அவன் பார்த்த பார்வையில் உங்கள் பங்கையும் சேர்த்து ஒப்புவித்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள். உங்கள் மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்களுக்குன்னு ஒரே ஒரு தடவை போகணும்னு நினைச்சோம் அத்தை. போன வருஷமும் நீங்க ரெண்டு பேரும்தான், இந்த வருஷமும் நீங்க ரெண்டு பேரும்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லவா விடவா என்று யோசித்தேன். உங்களிடம் ஏன் முதலில் சொல்லவில்லை என்று அவளிடம் கேட்டேன். "அம்மா எதைச் சொன்னாலும் முதல் வார்த்தை வேண்டாம்னுதான் வரும் அத்தை. அதைக் கேட்டுட்டா அப்புறம் எனக்கே அது வேண்டாம்னு ஆயிடும்" என்றாள். வருத்தப்பட்டுத்தான் சொன்னாள், குற்றமாகச் சொல்லவில்லை. என்னிடம் முதலில் வருவது பாசத்தினால் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அதெல்லாம் இல்லை. நான் வாயை மூடாமல் பேசுவதால் எனக்கு எதையும் மறுக்க நேரமில்லை, அவ்வளவுதான்.

சரி, இப்போது கேளுங்கள். ஆற்றங்கரை முகாமுக்கு நானே போன் போட்டேன். அந்தத் தேதி இன்னும் இவர்கள் பெயரில்தான் இருக்கிறதாம். அதற்குப் பிறகு தண்ணீர் வற்றிவிடும், இந்த வருஷம் அதோடு சரி. படகில் இரண்டு இடம் காலி. நீச்சல் கட்டாயமில்லையாம், வயது அறுபத்தைந்துக்குள் இருந்தால் போதுமாம். நமக்கு அதற்கு இன்னும் வருஷம் இருக்கிறது சம்பந்தி. காலி பண்ணியவர்களே போய் உட்கார்ந்தால் என்ன?

பதில் வரும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு,
சம்பந்தி


ஏப்ரல் 8

சம்பந்திக்கு,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் கிழித்துப் போட்டேன். ஒன்றில் உங்களைத் திட்டியிருந்தேன், இன்னொன்றில் அவளை.

வேண்டாம் என்பதுதான் என் முதல் வார்த்தையாம். எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டேன், அப்படியா நான் என்று. "வேண்டாம், அந்தப் பேச்சை விடு" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அவள் சின்னதாக இருந்தபோது சைக்கிள் வேண்டாம், மாடிப்படியில் ஓட வேண்டாம், மழையில் நிற்க வேண்டாம். எல்லாம் அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன். அப்போதெல்லாம் அவள் முகத்தை நான் பார்த்திருக்கிறேனா என்று இப்போது யோசிக்கிறேன்.

உங்கள் படகு யோசனையைப் படித்ததும் என் வாயில் வந்தது என்ன என்று உங்களுக்கே தெரியும். எனக்கு நீச்சல் தெரியாது. பக்கெட் தண்ணீரில் முகம் கழுவும்போதே மூச்சை அடக்கிக்கொள்கிறவள் நான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

அதனால் ஆழத்தைத் தெரிந்துகொண்டு விடுகிறேன். அந்த லைஃப் ஜாக்கெட் ஒன்றை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். உள்ளே என்ன வைத்திருக்கிறான், என்ன நூல், தோள்பட்டையில் எத்தனை தையல் என்று என் கையால் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பிள்ளைகளிடம் இப்போது எதுவும் சொல்லாதீர்கள். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அப்புறம் வேண்டாம் என்றால், அதைவிடக் கேவலம் வேறு இல்லை.

சம்பந்தி


ஏப்ரல் 13

அன்புள்ள சம்பந்தி,

ஜாக்கெட் உங்கள் கடைக்கு வந்து சேர்ந்திருக்கும். முகாம்காரனிடம் நான் கெஞ்சிய கெஞ்சலுக்கு ஒரு படகையே அனுப்பியிருப்பான்.

பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள் என்றீர்கள். முயற்சி செய்தேன். இரண்டு நாள் தாங்கினேன். மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கும்போதே வந்துவிட்டது. என் பிள்ளை பிரஷ்ஷும் நுரையுமாக என்னைப் பார்த்தான். "அம்மா, இது எங்க ட்ரிப்" என்றான். தெரியும்ப்பா, இரண்டு நாளைக்கு எங்களை ஆட்கள் என்று நினைக்காதே, துடுப்பு என்று நினைத்துக்கொள், வேறு கூடாரத்தில் தூங்குவோம், கூப்பிட்டால் ஒழிய உங்கள் பக்கம் வர மாட்டோம் என்றேன். அவன் வாயைக் கொப்பளித்துவிட்டு, "சாப்பிடும்போது பேசாம இருப்பியா?" என்று கேட்டான். முயற்சி செய்கிறேன் என்றேன்.

உங்கள் மகள் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டாள். "எங்க அம்மாவா? நிஜமாவா? ஆத்துக்கா?" மூன்று தடவை கேட்டாள். "ஜாக்கெட்டைப் பார்த்துட்டுச் சொல்றேன்னு எழுதியிருக்காங்க" என்றேன். "அப்படின்னா வந்துடுவாங்க அத்தை. வராதவங்க ஜாக்கெட்டைப் பார்க்க மாட்டாங்க" என்றாள். உங்களை அவளுக்கு நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது.

நான் நகராட்சி நீச்சல் குளத்தில் சேர்ந்துவிட்டேன். வகுப்பில் என்னைத் தவிர எல்லோருக்கும் பால் பல் விழுந்துகொண்டிருக்கிறது. நேற்று மூக்கில் தண்ணீர் ஏறி, இன்றைக்குக் காலை அறிவிப்பெல்லாம் சளி பிடித்த குரலில்தான். ஜனத்துக்கு என் குரல் புரியவில்லை, ஆனால் யாரும் வண்டியைத் தவறவிடவில்லை.

அந்த ஆற்றில் வேகமாகப் பாய்கிற ஒவ்வொரு இடத்துக்கும் கைடுகள் செல்லப் பெயர் வைத்திருக்கிறார்களாம். முதலாவது "தாலாட்டு". இரண்டாவது "தோசைக்கல்", அதன் மேல் புரட்டிப் போடுமாம். மூன்றாவதுதான் பெரியது. பெயர் என்ன தெரியுமா? "மாமியார்." சுற்றிச் சுற்றி வளைத்து, வெளியே விடாமல் வைத்துக்கொண்டு, கடைசியில் துப்பிவிடுமாம். எந்தப் படுபாவி வைத்த பெயர் என்று போனில் கேட்டேன். அந்த முனையில் இருந்தவன் என் வயதை ஊகித்திருக்க வேண்டும், தொடர்பு சரியில்லை என்று வைத்துவிட்டான்.

உங்கள் முடிவை எதிர்பார்க்கும்,
சம்பந்தி


ஏப்ரல் 18

சம்பந்திக்கு,

ஜாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருக்கிற பஞ்சுப் பலகை நல்ல சரக்கு, குறை சொல்ல முடியாது. ஆனால் தோள்பட்டை வாரை எவனோ அவசரத்தில் தைத்திருக்கிறான். லாரி சீட்டுக்குப் போடுகிற நூலை எடுத்து, குறுக்கும் நெடுக்குமாக மறுபடி தைத்தேன். எங்கள் வீட்டுக்காரரை அதைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லி, கடையில் வேலை செய்யும் இரண்டு பேரை வாரைப் பிடித்துத் தூக்கச் சொன்னேன். தூக்கினார்கள். அவர் கால் தரையில் இல்லை. வார் அசையவில்லை.

அதனால் வருகிறேன். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

நான் அதை அவளிடம் போனில் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் நடுவில் என்ன வார்த்தை வந்துவிடுமோ என்று பயம். நீங்களே சொல்லிவிடுங்கள். இந்த ஒன்றை உங்களிடமிருந்து முதலில் தெரிந்துகொள்ளட்டும்.

கடை மூடிய பிறகு வெட்டும் மேசையின் ஓரத்தில் ஒரு காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, துடைப்பத்தால் துடுப்புப் போட்டுப் பழகுகிறேன். எங்கள் வீட்டுக்காரர் எதிரில் நின்று "முன்னே! பின்னே! நிறுத்து!" என்கிறார். கல்யாணமான நாள் முதல் அவர் சொல்லி நான் செய்த முதல் வேலை இதுதான் என்று அவருக்கு ஒரே குஷி. தேவைக்கு மேல் பழக வைக்கிறார்.

ஒரு விஷயம். முன்னால் உட்காருகிற இரண்டு பேர்தான் துடுப்பின் வேகத்தை முடிவு செய்ய வேண்டுமாம். நாம் இருவரும் முன்னால் உட்காருவோம். பின்னால் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தால், நம் வாய் சும்மா இருக்காது.

சம்பந்தி


ஏப்ரல் 22

சம்பந்தி!

அவளிடம் சொன்னேன். பேருந்து நிலையத்தில், என் அறையில் வைத்துத்தான். அவள் என் மேசையில் இருந்த தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தாள். பிறகு, "துடைப்பத்துலயா பழகறாங்க?" என்று கேட்டுச் சிரித்தாள் பாருங்கள், மைக் திறந்திருப்பதை நான் கவனிக்கவில்லை, நிலையம் முழுக்கக் கேட்டது. எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு.

இருபத்தேழாம் தேதி காலையில் உங்கள் வண்டி நான்காம் நடைமேடைக்கு வரும். நானே அறிவிப்பேன். இறங்குகிற இடத்திலேயே நில்லுங்கள். அங்கேயும் இங்கேயும் தேடி அலைந்தால், பெயர் சொல்லி மைக்கில் கூப்பிட்டுவிடுவேன்.

மாற்றுத் துணி இரண்டு செட் எடுத்து வாருங்கள்.

சம்பந்தி


மே 6

அன்புள்ள சம்பந்தி,

பாறையில் இடித்த உங்கள் முட்டி எப்படி இருக்கிறது? எனக்குத் தோள் இரண்டும் இன்னும் கழன்றுதான் கிடக்கின்றன. தலை வாரக் கையைத் தூக்கினால் ஐயோ அம்மா என்கிறேன். ஆனால் யாராவது கேட்டால் அந்தக் கையையே தூக்கித் தூக்கிக் காட்டுகிறேன்.

நான் மனசுக்குள் அந்தப் படகில் இன்னமும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். "தாலாட்டு" என்றார்களே, அந்த முதல் குலுக்கலிலேயே என் பாதி உயிர் போய்விட்டது. கைடு பெண் ஒல்லியாக, கட்டெறும்பு மாதிரி பின்னால் உட்கார்ந்து "முன்னே!" என்று கத்த, நான் "முன்னே" என்று திருப்பிச் சொல்ல, நீங்கள் "அதான் சொல்லிட்டாங்களே" என்று என்னைத் திட்ட, அதற்குள் "நிறுத்து!" வந்துவிட்டது. நாம் நிறுத்தவில்லை. படகு ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. பின்னால் அதுகள் இரண்டும் சிரித்த சிரிப்பு! "தோசைக்கல்"லுக்குள் நாம் ஒழுங்காகிவிட்டோம். உங்கள் துடுப்பும் என் துடுப்பும் ஒன்றாக விழுந்து ஒன்றாக எழுந்தபோது, எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒன்றைச் செய்து அது சரியாக அமைந்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் "மாமியார்". படகின் மூக்கு மேலே எழும்பியது தெரியும், நுரை முகத்தில் அறைந்தது தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தால் நீங்கள் இல்லை. உங்கள் இடத்தில் தண்ணீர்தான் உட்கார்ந்திருந்தது. என்னை விடுங்கள், இத்தனை வருஷம் ஊருக்குக் கேட்கக் கத்தியவளுக்கு அந்த நிமிஷம் தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை. உங்கள் மகள்தான் "அம்மா!" என்று ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்துக்கு முன்னால் என் மைக் எல்லாம் எம்மாத்திரம். படகின் ஓரத்தில் வயிற்றைக் கொடுத்துக் கவிழ்ந்து, அந்தத் தோள்பட்டை வாரைப் பிடித்து, ஒரே இழு. என் பிள்ளை அவள் காலைப் பிடித்துக்கொண்டான். நான் என் பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன்.

தண்ணீரிலிருந்து மேலே வந்த உங்கள் முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பேயறைந்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்! மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஒழுக ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி!

அதற்குப் பிறகு கரை சேரும்வரை அவள் உங்களை விடாமல் திட்டினாள். எனக்கே பாவமாக இருந்தது. அப்புறம் கேட்கலாம் என்றிருந்தேன், விட்டுப்போனது. ரொம்பவும் மனசு நொந்துவிட்டதா? வீட்டுக்கு வந்ததிலிருந்து உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அதனால்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
சம்பந்தி


மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

இனி இப்படித்தான் கூப்பிடப் போகிறேன். ஒரே ஆற்றுத் தண்ணீரைக் குடித்த பிறகு சம்பந்தி என்ன சம்பந்தி. குடித்ததில் என் பங்குதான் அதிகம்.

முட்டி வீங்கி வடிந்துவிட்டது. தையல் மெஷினை மிதிக்க முடிகிறது. எழுதாததற்கு மனசு நொந்தது காரணமில்லை. தேங்கிப்போன வேலை தலைக்கு மேல் இருந்தது, அவ்வளவுதான்.

அவள் திட்டியது எனக்கு வருத்தமா என்று கேட்டிருக்கிறீர்கள். அக்கா, நீங்கள் பாதிதான் கேட்டீர்கள். கரையில் ஏறிய பிறகும் திட்டினாள். கூடாரத்தில் என் தலையைத் துவட்டிக்கொண்டே திட்டினாள். "கால் விரலைப் படகோட மடிப்புக்குள்ள சொருகி வைம்மான்னு அந்த கைடு எத்தனை தடவை சொன்னாங்க? காதுல வாங்கினியா? நீ மட்டும் என்னை எல்லாத்துக்கும் வேண்டாம் வேண்டாம்னு சொல்லுவே, உன்னை யாரு சொல்றது? உனக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் என்னம்மா பண்ணுவேன்?" அப்படியே ஆரம்பித்து, நடுவில் சைக்கிள் வந்தது, மாடிப்படி வந்தது, கல்யாணத்துக்குப் பிறகு போன லீவு வந்தது, அவள் ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரி செய்கிற அநியாயம் வந்தது, மாப்பிள்ளை ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது வந்தது. ஒரு வருஷமாக எனக்கு வராத பேச்சு பூராவும் அன்றைக்கு ஒரே மூச்சில் வந்தது. நான் வாயே திறக்கவில்லை. திட்டு வாங்குவதில் இப்படி ஒரு சுகம் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். தண்ணீருக்குள் ஏன் சிரித்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அவள் "அம்மா" என்று கூப்பிட்டது உள்ளே எனக்குக் கேட்டது.

இப்போது இன்றைய செய்தி. இன்று ஞாயிறு இல்லை, வியாழன். மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது அவள் போன். என்னவோ ஏதோ என்று எடுத்தேன்.

"அம்மா, கத்தாதே. முடியை வெட்டிக்கிட்டேன். இன்னும் நாற்காலியை விட்டுக்கூட எழுந்திருக்கல."

அந்த முடி உங்களுக்குத் தெரியும். இடுப்பைத் தாண்டிக் கிடக்கும். நான் சிக்கெடுத்துச் சிக்கெடுத்து வளர்த்த முடி. "வே" வரைக்கும் வந்துவிட்டது அக்கா. பல்லைக் கடித்து முழுங்கினேன்.

"எவ்வளவு?" என்றேன்.

"காது வரைக்கும்."

"திரும்பு, பின்னாடி எப்படி இருக்குன்னு பார்ப்போம்."

"போன்லே எப்படிம்மா திரும்பறது?" என்று சிரிக்கிறாள். நானும் சிரித்தேன். "அவருக்கு இன்னும் தெரியாதும்மா. அத்தைக்கும் தெரியாது. முதல்ல உன்கிட்டதான் சொல்றேன்" என்றாள். எப்படி இருக்கிறது என்று நான்கு தடவை கேட்டாள். பார்க்காமலேயே நான்கு தடவையும் நன்றாக இருக்கிறது என்றேன்.

வைத்த பிறகு மெஷினை மிதிக்கத் தோன்றவில்லை. எங்கள் வீட்டுக்காரர் வந்து என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டேன். அவருக்கும் சொல்லவில்லை.

நீங்கள் இதைப் படிக்கும்போது அவள் உங்கள் முன்னால் வந்து நின்று, நீங்கள் அலறி, பேருந்து நிலையத்துக்கே தெரிந்திருக்கும். தெரியட்டும். இப்போது, நான் இந்த வரியை எழுதும்போது, அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

தபால் எடுக்கிற வண்டி தெருமுனையில் நிற்பது கடையிலிருந்தே தெரிகிறது. ஓடினால் பிடித்துவிடலாம், இன்றைக்கே கிளம்பிவிடும். நான் ஓடப் போவதில்லை. நாளைக்குப் போகட்டும்.

அன்புடன்,
தங்கச்சி